எந்த நாற்பது?

ஒருவர் காலை வெந்நீரில் வேகவைத்துவிட்டு, "நாற்பது டிகிரிதான் இருந்தது" என்று ஒருத்தி சாதித்தால் யார் நம்புவார்கள்? போலீஸ் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலும் நம்பவில்லை. அவளுடைய தம்பி மட்டும் நம்பினான். பாசத்தால் இல்லை. சின்ன வயதில் அவனுக்குக் குளிக்க வெந்நீர் விளாவிக் கொடுத்தவள் அக்காதான். கொதிதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து பதமாக விளாவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கை யாரையும் சுடாது என்று அவன் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான்.

தம்பியை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி அவன் சேட்டைக்காக, மீதி அவன் முதலாளியம்மாவின் பின்னாலேயே திரிவதற்காக. அந்த அம்மா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, தானாகத் தீப்பிடித்துக்கொண்ட கோடவுன்களையும் தானாகக் காணாமல் போன கார்களையும் விசாரித்தவர். இப்போது ஒரு மெத்தைக் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் வைத்திருந்தார். ஊருக்கு அவர் இன்சூரன்ஸ் அம்மா. வாலுவுக்கு மேடம்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க மேடம்," என்றாள் அக்கா. அழவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "போனா திரும்ப விட மாட்டாங்க. நர்ஸ் பதிவையும் ரத்து பண்ணிடுவாங்க. என் பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரக்கூட ஆள் இருக்காது."

"நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க."

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, அவள் எட்டு மாதமாக ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய்க் கவனித்துவந்தாள். அளவைச் சோதனைக் கூடத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நடப்பார், ஆனால் ஆணி குத்தினாலும் தெரியாது. தினமும் மதியம் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும், நாற்பது டிகிரியைத் தாண்டவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. மரச்சட்டம் போட்ட ஒரு வெப்பமானியைத் தொட்டியில் போட்டு, நாற்பதில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அக்கா அவர் காலை எடுத்து வைப்பாள்.

"அன்னிக்கும் பார்த்தேன். கையில கிளவுஸ். அது வழியாவே கொஞ்சம் சூடாப் பட்டுது. இன்னொரு தடவை பார்த்தேன். நாற்பதுலதான் நின்னுது. 'கையை வச்சு சூடு பார்க்காதே, கை பொய் சொல்லும்'னு முதல் நாளே திட்டினவரு. சரின்னு வச்சேன். அரை மணி நேரம் பேப்பர் படிச்சாரு. காலை வெளியில எடுத்தா, தோல் என் கையோட வருது."

வாலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவர் கத்தினாரா?"

"எங்கே? வலி தெரிஞ்சாத்தானே கத்துவாரு? என்னையே பார்த்துட்டிருந்தாரு. நான் ஹாலுக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு வந்தேன். அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு. அங்கேருந்து அப்படியே தூக்கிட்டுப் போனாங்க. காலைத் தரையில வைக்கவே விடல."

"அந்த வெப்பமானி?"

"போலீஸ் எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. துல்லியமா இருக்காம். அப்ப நான்தான் பார்க்காம வச்சிருக்கேன், இல்லாட்டி வேணும்னே வச்சிருக்கேன். ரெண்டுல எதுன்னு கேக்கறாங்க."

"ரெண்டும் இல்லாட்டி மூணாவது ஒண்ணு இருக்கணும்," என்றார் இன்சூரன்ஸ் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. "வாலு, வண்டியை எடு."

"எடுக்கறேன் மேடம். அந்த மூணாவது ஆளு கையில கிடைச்சா, நானே ஒரு அண்டா அடுப்புல ஏத்தி வைக்கறேன்."

வழக்கமாக அவன் ஜோக்கடித்தால் பின்னாலேயே ஒரு சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர் வராந்தாவிலேயே அகப்பட்டார். எத்தனையோ தீக்காயம் பார்த்தவர், பெரியவரின் காலைப் பற்றிப் பேசும்போது முகத்தைச் சுளித்தார். "வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாச்சு. எவ்வளவு சூட்டுல வச்சாங்களோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுகூடப் பரவால்ல, பாதத்துல கொப்புளமெல்லாம் உடைஞ்சு சிவப்புக் கம்பளி நூலா ஒட்டிக் கிடந்துச்சு. ஒவ்வொண்ணா எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"கம்பளி நூலா?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே கட்டிலில் இருந்தவருக்கு ஊரில் பெயர் டிகிரி சார். படித்து வாங்கிய டிகிரி நாலு, அதுபோக வேலையே டிகிரி பார்ப்பது. வெள்ளைக் கட்டுப் போட்ட இரண்டு பாதங்களும் தலையணை மேல் இருந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, வந்தவர்களை எடை போட்டுப் பார்த்தார்.

"நீங்க என் தரப்பா, அந்த நர்ஸ் தரப்பா?"

"உண்மைத் தரப்பு சார்," என்றான் வாலு. "அது வர லேட்டாகும்னு சொல்லிச்சு. நாங்க முன்னாடி வந்துட்டோம்."

"வாய் இருக்கு. மூளை இருக்கான்னு பார்ப்போம்." டிகிரி சார் இன்சூரன்ஸ் அம்மா பக்கம் திரும்பினார். "அவ ஜெயிலுக்குப் போகணும்மா. அதைப் பார்த்துட்டுத்தான் நான் இந்தக் கட்டில்லேருந்து இறங்குவேன். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"கோபம் இருக்கத்தான் செய்யும் சார். கொதிக்கிற தண்ணியில காலை வச்சுட்டாங்கன்னு உங்க பையன் போலீஸ்ல சொல்லியிருக்காரு."

"அவனுக்கு எது சூடு, எது கொதின்னு தெரியாது. படம் வரையறவன். கொதிச்சா நூறு. இது அம்பது. அம்பது டிகிரி தண்ணியில அரை மணி நேரம். அதுக்குத்தான் இந்தக் கோலம்." கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "எண்ணைச் சரியாச் சொல்லணும்மா. எண்ணுல பிசகினா உயிரே போயிடும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. வாலு அதைக் கவனிக்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நின்றான். வெளியே விட்டால் அவை என்ன செய்யும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இன்சூரன்ஸ் அம்மா நின்றார். "வாலு, அம்பதுன்னு யாருடா அளந்தது?"

"யாராவது... போலீஸ்?"

"போலீஸ் போறதுக்குள்ள தண்ணி ஆறிப்போச்சு. டாக்டருக்குத் தெரியல. கட்டுப் போடறவர் ஆண்டவனைக் கேக்கச் சொல்றாரு. உங்க அக்கா நாற்பதுங்கறா. இவருக்குக் காலே தெரியாது, சூடு எங்கே தெரியும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாரு மேடம்."

"நீ சொல்லுவே, நான் சொல்லுவேன். அளவையிலயே வாழ்க்கையை ஓட்டினவரு ஒரு பேச்சுக்கு எண்ணு சொல்ல மாட்டாருடா."

வாலுவுக்குச் சட்டென்று உறைத்தது. "அப்ப யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க! யாரு சொன்னாங்களோ, அவங்கதான் தண்ணியில விளையாடின ஆளு. வீட்ல அக்காவைத் தவிர இருந்தது மகன் ஒருத்தன்தான்." அவன் பல்லைக் கடித்தான். "படம் வரையற கையா? அதை இன்னிக்கு நான் ஒரு வழி பண்றேன்."

"வீட்டைப் பார்க்கலாம் முதல்ல. கையை அப்புறம் பார்க்கலாம்."

மகன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். மெலிந்த ஆள். சட்டைக் கையில் பெயின்ட். கதவைத் திறந்தவன் இவர்களை எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் பேச ஆள் வந்ததே போதும் என்பது மாதிரி உள்ளே அழைத்துப் போனான்.

அப்பாவின் அறையில் ஜன்னல் ஓரம் நாற்காலி. அதைச் சுற்றி வெறும் டைல்ஸ் தரை. எதிர்ச்சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதன் முன்னால் மட்டும் ஒரு சிவப்புக் கம்பளி விரிப்பு கிடந்தது. இன்சூரன்ஸ் அம்மா அந்த விரிப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காதவர் மாதிரி அலமாரியிடம் போனார்.

உள்ளே வரிசையாக வெப்பமானிகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மரச்சட்டம். ஒவ்வொன்றின் கீழும் அலமாரித் தட்டில் ஒரு சின்ன அட்டை. வெப்பமானியை எடுத்துவிட்டால் எது எதுவென்று அட்டைதான் சொல்லும். வெப்பமானியின் மேல் வெறும் எண்கள்தான் இருந்தன.

"அப்பா கையால செஞ்ச சட்டம்," என்றான் மகன். "அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு கணக்கா சூட்டை அளந்திருக்காங்க. எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்காரு."

வாலு ஓர் அட்டையைப் படித்தான். "டிலீல். தண்ணீர் கொதித்தால் சைபர், உறைந்தால் நூற்றைம்பது. என்ன சார், தலைகீழா மாட்டிட்டாரா?"

"அது அப்படித்தான். குளிர் ஏற ஏற எண்ணும் ஏறும்."

"இதை நம்ம வீடுகள்ல மாட்டணும். 'ஏசியைக் கூட்டு'ன்னா ஒருத்தர் குளிரைக் கூட்டறாரு, ஒருத்தர் எண்ணைக் கூட்டறாரு. எங்க மாமா வீட்ல இதுலயே பாதிச் சண்டை." அடுத்த அட்டைக்குப் போனான். "இது என்ன, ரியூமர்? ரியூமர்னா வதந்தியாச்சே! வதந்திக்கெல்லாமா டிகிரி பார்க்கறாங்க?"

"அது ஒரு விஞ்ஞானி பேரு."

"உறைந்தால் சைபர், கொதித்தால் எண்பது," என்று படித்தவன் நிறுத்தினான். அவன் கணக்கில் புலி இல்லை. ஆனால் இதற்குப் புலி தேவையில்லை. எண்பதில் பாதி நாற்பது. நம் கணக்கில் நூற்றில் பாதி? "மேடம்! நாற்பதுதான் அம்பது. ரெண்டும் பாதி. அக்கா நாற்பதுதான் பார்த்திருக்கா. ஆனா இந்த நாற்பது!"

மகன் நீட்டிய சாவியால் இன்சூரன்ஸ் அம்மா அலமாரியைத் திறந்து, கைக்குட்டையால் பிடித்து அந்த ரியூமர் வெப்பமானியை எடுத்தார். மற்ற சட்டங்கள் தூசி படிந்து காய்ந்து கிடந்தன. இதன் அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் ஊறி, உப்பி, வார்னிஷ் வெளுத்திருந்தது. தொட்டிக்குள் போய்விட்டு வந்திருக்கிறது.

அவ்வளவுதான். வாலு ஒரே எட்டில் மகனின் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கக்காவை உள்ளே தள்ளப் பார்த்தியாடா? அவ உனக்கு என்ன பாவம் பண்ணா?"

"உங்க... அக்காவா?" மகன் திமிறவில்லை. "தம்பி, இந்த அலமாரிச் சாவி அப்பா கழுத்துல இருக்கும். ராத்திரி தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாரு. ஆஸ்பத்திரியில கழற்றி என் கையில கொடுத்தாங்க, அதான் இன்னிக்கு என்கிட்ட இருக்கு. நான் இதைத் தொட்டு ஏழு வருஷம் ஆச்சு. எங்கம்மா செத்ததுலேருந்து தொடறதில்ல."

"விடுடா அவரை," என்றார் இன்சூரன்ஸ் அம்மா. பிறகு மகனிடம், "அம்மா எப்படிப் போனாங்க?"

மகன் சட்டையைச் சரிசெய்துகொண்டான். "அப்பாவுக்கு ஒரு கிறுக்கு இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் ஒரு கணக்குல வாழ்வாரு. டீ, குளிக்கிற தண்ணி, வெயில், எல்லாத்துக்கும் அந்த வருஷத்துக் கணக்குதான். அம்மா சிரிச்சுட்டே கேட்டுப்பாங்க. அந்த வருஷம் ரியூமர். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. நான் வெளியூர்ல இருந்தேன். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, 'முப்பத்திரெண்டு டிகிரி இருக்கு'ன்னு சொன்னாரு. நாம காய்ச்சல் பார்க்கற ஃபாரன்ஹீட்ல நூத்தி நாலு. போனை எடுத்த நர்ஸுக்கு அது எப்படித் தெரியும்? 'முப்பத்திரெண்டெல்லாம் இருக்காது சார், உங்க தெர்மாமீட்டர் சரியில்ல'ன்னாங்களாம். அப்பாவுக்கு அது ஒண்ணு போதும். அவரோட தெர்மாமீட்டர் சரியில்லையா? போனை வச்சுட்டாரு. கூட்டிட்டும் போகல. மறுநாள் அம்மா நினைவு தப்பின பிறகுதான் தூக்கிட்டு ஓடினாரு."

மகன் ஜன்னல் ஓர நாற்காலியைப் பார்த்தான்.

"இன்னிவரைக்கும் அந்த நர்ஸைத்தான் சொல்லுவாரு," என்றான் மகன். "தன்னை ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டதில்ல."

இன்சூரன்ஸ் அம்மா குனிந்து சிவப்பு விரிப்பைத் தடவினார். ஓர் இடத்தில் நூல் பிய்ந்து, காய்ந்து, விறைத்துப்போய் இருந்தது. "நாற்காலிகிட்ட கம்பளி இல்ல. இங்கேதான் இருக்கு. உங்க அக்கா போன் பண்ண ஓடின நேரத்துல, வெந்துபோன காலோட ஒருத்தர் இங்கே நடந்து வந்து, தெர்மாமீட்டரை மாத்தி வச்சுட்டு, திரும்பிப் போய் உட்கார்ந்திருக்காரு. உன்னாலயும் என்னாலயும் அந்தக் காலை ஊனக்கூட முடியாது. வலி தெரியாதவரால முடியும்."

வாலு வாயைத் திறந்தான். "மேடம்... தன் காலைத் தானேவா?"

"பழி வாங்கணும்னா சில பேரு எதையும் கொடுப்பாங்கடா. இவருக்கு அந்தக் கால் ஏற்கனவே செத்துப்போச்சு. அதைத்தான் கொடுத்தாரு."

"ஆதாரம் போதுமா?"

"போதாது. 'வேற யாரோ மாத்தினாங்க, மகன் வந்து அம்பதுன்னு சொன்னான்'னு சொல்லிட்டா முடிஞ்சுது. அவர் வாயாலயே வரணும்." இன்சூரன்ஸ் அம்மா ரியூமரைக் கைக்குட்டையில் சுற்றினார். "எஸ்.ஐ.க்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. அக்காவை ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், அங்கேயே வரச் சொல்லு."

எஸ்.ஐ. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் சுவரோடு ஒட்டி நின்றான். வராந்தாவில் அக்கா நிற்பது டிகிரி சாருக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் அம்மா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார்.

"சார், உங்க நர்ஸ் மேல தப்பில்ல. தொட்டியில யாரோ இதைப் போட்டிருக்காங்க."

டிகிரி சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அப்படியா? இருக்கலாம். ஆனா பார்க்க வேண்டியது அவ பொறுப்பு."

"அதுலயும் ஒரு சிக்கல். உங்க ரியூமரைச் சோதிச்சுப் பார்த்தோம்." இதை எங்கேயும் சோதிக்கவில்லை என்பது வாலுவுக்குத் தெரியும். பொய்க்காரர்களோடே பழகியதில் மேடத்துக்கு முகம் மாறாமல் பொய் சொல்லவும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். "ரெண்டு டிகிரி பிசகு. தண்ணி நாற்பத்தேழு, நாற்பத்தெட்டுதான் இருந்திருக்கும். உங்க தெர்மாமீட்டர் சரியில்ல சார்."

அறையில் ஏதோ அறுந்தது மாதிரி இருந்தது. டிகிரி சாரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன சொன்னே?"

"உங்க தெர்மாமீட்டர் சரியில்ல."

"யாருடைய தெர்மாமீட்டரும்மா சரியில்ல?" அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என் ரியூமரா? நானே பாதரசம் ஏத்தி, நானே கோடு போட்டது! அன்னிக்குத் தொட்டியில சரியா நாற்பதுல நின்னுது. நான் குனிஞ்சு பார்த்தேன். நாற்பதுன்னா அம்பது. ஒரு இழை கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. நாற்பத்தெட்டாம், நாற்பத்தெட்டு!"

எஸ்.ஐ. மெதுவாகக் கேட்டார். "தொட்டியில ரியூமர்தான் இருந்துதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

கிழவர் மழுப்புவார், மகனைக் காட்டுவார் என்று வாலு எதிர்பார்த்தான். டிகிரி சார் ஒரு முறை மகனைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தெரியும். நான்தான் போட்டேன். எழுதிக்கோங்க. சொல்லாம விட்டா அவளுக்குத் தெரியாமலே போயிடும். எதுக்குன்னு அவளுக்குத் தெரியணும். ஒரு எண்ணைக் கேட்டு, தெர்மாமீட்டர் சரியில்லன்னு சொல்லி, நான் போனை வைக்கற வரைக்கும் எந்தக் கணக்குன்னு கேக்காம, என் வீட்டுக்காரியைக் கொன்னா. அதே மாதிரி ஒரு எண்ணுல அவளும் மாட்டணும். எட்டு மாசம் தினமும் அவ முகத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நாற்பதுன்னு கேட்டாளா? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல!"

"அந்த நர்ஸ் இவங்கதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இன்சூரன்ஸ் அம்மா.

"ஆளைத் தேடிக்கிட்டே இருந்தேன். வார்டுல போனை எடுக்கறது யாருன்னு போன வருஷம் போய் விசாரிச்சேன். பெரிய சிஸ்டர்னாங்க. அந்தம்மா எங்கேன்னேன். அதோ போறாங்களேன்னு கையைக் காட்டினான் வாட்ச்மேன். பகல் வேலை, பொண்ணைப் பார்த்துக்கலாம்னு ஆசை காட்டி, வீட்டுக்கு வர வச்சேன். வந்து பேசினதும் குரலும் அதேதான்."

வாலுவுக்கு அந்தப் பேரின் கதை தெரியும். பெரிய சிஸ்டர் என்பது ஓர் ஆள் இல்லை. அந்த வார்டில் யார் மூத்த நர்ஸோ, அவரை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். ஒருவர் போனால் அடுத்தவருக்கு அந்தப் பெயர் வரும். அக்காவுக்கு அது வந்து மூன்று வருஷம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால்? அப்போது அவள் மகள் பிறந்து, வேலைக்கே போகாமல் வீட்டில் இருந்தாள். தொட்டில் ஆட்டியதே இவன்தான்.

எந்தக் கணக்கு என்று நர்ஸ் கேட்கவில்லையாம். இவர் எந்த சிஸ்டர் என்று கேட்டாரா? வாலுவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கட்டுப் போட்ட அந்தக் காலில் ஓங்கி மிதித்தால்கூட இந்தக் கிழவருக்கு வலிக்காது. இது வலிக்கும். அவன் ஓர் அடி முன்னால் வைத்தான்.

இன்சூரன்ஸ் அம்மா அவன் தோளைப் பிடித்தார். "அதை நீ சொல்லாதே. சொல்ல வேண்டியவங்க வெளியில நிக்கறாங்க."

அக்கா உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கட்டில் ஓரத்தில், தினமும் நிற்கிற மாதிரியே நின்றாள்.

"ஞாபகம் வந்துச்சா?" என்றார் டிகிரி சார். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி, முப்பத்திரெண்டு."

"இல்ல சார். அந்த வருஷம் நான் அந்த ஆஸ்பத்திரியிலயே இல்ல. குழந்தை பிறந்து வீட்ல இருந்தேன். அப்ப பெரிய சிஸ்டர் வேற ஒருத்தங்க. அவங்க போன பிறகுதான் எனக்கு அந்தப் பேரு."

"பொய்."

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க. அவங்க செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே உங்களால அவங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

டிகிரி சார் எஸ்.ஐ.யைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். எங்கேயாவது ஒரு மறுப்பு கிடைக்கும் என்று தேடினார். உதடு மட்டும் "குரல்... குரல் அதேதான்..." என்றது. அக்கா அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், எட்டு மாதப் பழக்கம். பிறகு குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்குக் குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் நின்ற வாலுவுக்கும் கேட்டது.

"அந்த சிஸ்டர் புதுசா வர்ற எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லுவாங்க சார். ஒருத்தர் முப்பத்திரெண்டுன்னு போன் பண்ணாராம். தெர்மாமீட்டர் சரியில்லன்னு சொன்ன வாயோட, 'இருங்க சார், எந்தக் கணக்குல சொல்றீங்க?'ன்னு கேட்டாங்களாம். அதுக்குள்ள அவர் போனை வச்சுட்டாராம். திரும்பக் கூப்பிட நம்பர் இல்லையாம். அவங்க கேட்டாங்க சார். நீங்கதான் கேக்கல."

டிகிரி சார் கண்ணாடியைக் கழற்றினார். அது போர்வையில் விழுந்தது. எடுக்கவில்லை. ஏழு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஒன்று அவர் முகத்திலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறினார், பிறகு வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். வெந்நீரில் கால் வெந்தபோது போடாத சத்தம். வாலுவுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை.

எஸ்.ஐ. எழுதிக்கொண்டதை ஒரு முறை படித்துக் காட்டிவிட்டு, அக்காவிடம், "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா," என்றார். மகன் வாசல் வரை வந்து அவளைக் கும்பிட்டான். அவள் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

மூவரும் லிஃப்ட்டுக்குக் காத்திருந்தார்கள். வாலுவால் அடக்க முடியவில்லை.

"ஏன் அக்கா, அந்தப் பெரிய சிஸ்டர் கதையை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட?"

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அவங்க அப்படி எதுவும் சொன்னதில்லடா."

வாலு அவளையே பார்த்தான். "அப்ப... கேட்டாங்கன்னு சொன்னது?"

"யாரு கண்டா? கேட்டும் இருக்கலாம்." அவள் குரலில் பதற்றமே இல்லை. "சொரணை இல்லாத இடத்துல அவரே சூடு வச்சுக்கிட்டாரு. சொரணை இருக்கற இடத்துல நான் வச்சேன்."

பொய்யைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட இன்சூரன்ஸ் அம்மா, இரண்டு அடி தள்ளி நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் வந்தது. அக்காவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"ஏறும்மா," என்றார். "பொண்ணுக்கு ஸ்கூல் விடற நேரம் ஆச்சு."